ரிங்கோவின் டிரம்ஸ் போன வழி: லிவர்பூல் முதல் லண்டன் வரை

செவ்வாய், லிவர்பூல்

2015 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸில் நடந்த ஏலத்தில், மூன்று பாகங்கள் கொண்ட ஒரு டிரம்ஸ் செட் இருபது லட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது. பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் 1963 மே மாதம் முதல் வாசித்த, லட்விக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் செட் அது. கல்லூரி இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்த காலத்திலிருந்தே எனக்கு அந்தக் கறுப்பு வெள்ளைச் செட்டின் மீது தீராத ஈர்ப்பு. அது எங்கிருந்து வந்தது, யார் கையில் மாறியது, எந்தப் பாகம் எங்கே போனது என்பதையெல்லாம் இடம் இடமாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இந்த வாரம் கைகூடியிருக்கிறது. தினமும் இரவு எழுத முயல்கிறேன்.

தொடக்கம் டிங்கிளில். நகர மையத்திலிருந்து பஸ்ஸில் தெற்கே போனால் வரும் தொழிலாளர் பகுதி இது. 9, மாட்ரின் தெருவில் 1940 ஜூலை 7 அன்று ரிச்சர்ட் ஸ்டார்க்கி, அதாவது பின்னாளின் ரிங்கோ ஸ்டார், பிறந்தார். வேல்ஸிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர்கள் எழுப்பிய வீடுகள் என்பதால் சுற்றியுள்ள தெருக்களுக்கு வேல்ஸ் ஊர்களின் பெயர்கள். இந்தத் தெருக்களை மொத்தமாக இடித்துத் தள்ள நகராட்சி திட்டமிட்டிருந்தது. பல ஆண்டுகள் வீடுகள் பூட்டிக் கிடந்தன. 2015-இல் மத்திய அரசு இடிப்புத் திட்டத்தை நிராகரித்த பிறகு புதுப்பிக்கும் வேலை நடந்தது. இன்று ஜன்னல்களில் திரைச்சீலை, வாசலில் குழந்தைகளின் சைக்கிள். ஆள் வாழும் தெருவாக அதைப் பார்ப்பது மகிழ்ச்சியாக இருந்தது. யாரோ ஒருவருடைய வீடு என்பதால் 9-ஆம் எண் வாசலில் அதிக நேரம் நிற்கவில்லை.

ஒரு மூலை திரும்பினால் அட்மிரல் குரோவ். மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை என்ற அளவில் ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகள். தந்தை விட்டுப் போன பிறகு தாய் எல்சி, மகனுடன் 10-ஆம் எண்ணுக்குக் குடிவந்தார். தெரு முனையில் எம்பிரஸ் மதுக்கூடம் இன்னும் நிற்கிறது. 1970-இல் வந்த ரிங்கோவின் முதல் தனி இசைத்தட்டின் அட்டையில் இருப்பது இந்தக் கட்டடம்தான்.

இந்தச் சிறுவனுக்கு டிரம்ஸ் கிடைத்த இடம் வீடும் அல்ல, பள்ளியும் அல்ல, மருத்துவமனை. ஆறு வயதில் குடல்வால் வெடித்து, உயிர் பிழைப்பதே சந்தேகம் என்ற நிலையில் ஏறத்தாழ ஓராண்டு படுக்கை. பதின்மூன்றாம் வயதில் நுரையீரல் உறை அழற்சி, அது காசநோயாக முற்றி, ஆற்றுக்கு அக்கரையில் ஹெஸ்வாலில் இருந்த குழந்தைகள் மருத்துவமனையில் நீண்ட வாசம். அங்கே நோயாளிப் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக ஓர் ஆசிரியர் வந்து தாளக் கருவிகளைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார். ரிங்கோ டிரம்மைத் தவிர வேறெதையும் தொட மறுத்துவிட்டார். ஆசிரியர் வராத நாட்களில் நூல்கண்டுக் கட்டையால் படுக்கையை ஒட்டிய அலமாரியைத் தட்டினாராம். படுத்த படுக்கையில் ஒரு பிள்ளை எதைக் கேட்டு அடம்பிடிக்கிறது என்பதைக் கவனித்துக் கொடுத்த அந்த ஆசிரியருக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

எல்சியை மணந்த ஹாரி கிரேவ்ஸ், வளர்ப்பு மகனுக்காக 1957-இன் கடைசியில் லண்டனை அடுத்த ரோம்ஃபோர்டில் பத்து பவுண்டு கொடுத்து ஒரு பழைய டிரம்ஸ் செட் வாங்கினார். அதை ரயிலில் ஏற்றி, நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு லிவர்பூல் வரை கொண்டுவந்தார். இந்த வாரம் நான் பின்தொடரப்போகும் லட்விக்கைவிட, எவரும் ஏலம் விடாத அந்தப் பத்து பவுண்டுச் செட்தான் எனக்குப் பெரியதாகத் தெரிகிறது. பெற்ற மகன் அல்லாதவனுக்காக ஒரு மனிதர் ரயில் நிலையங்களில் பேஸ் டிரம் என்ற பெரிய உருளையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்.

புதன், போர்ட் சன்லைட்

மெர்சி ஆற்றின் அடியில் செல்லும் ரயிலில் அக்கரைக்குப் போய் இறங்கினேன். நம் வீடுகளில் துணி துவைத்த சன்லைட் சோப்பின் ஊர் இது. வில்லியம் லீவர் தன் ஆலைத் தொழிலாளர்களுக்காக 1888-இல் எழுப்பத் தொடங்கிய ஊர். அதே ஆண்டில்தான் சன்லைட் பெட்டிகள் கல்கத்தா துறைமுகத்தில் வந்து இறங்கின. ஒரே மாதிரி இல்லாத அழகழகான வீடுகள், நடுவே புல்வெளிகள். ஆனால் நான் வந்தது ஹியூம் ஹாலைப் பார்க்க. ஆலையின் பெண் தொழிலாளர்கள் சாப்பிடுவதற்காக 1901-இல் கட்டப்பட்ட கூடம்.

1962 ஆகஸ்ட் 18 அன்று உள்ளூர்த் தோட்டக்கலைச் சங்கத்தின் ஆண்டு நடன விழா இங்கே நடந்தது. பீட்டில்ஸின் நிரந்தர டிரம்மராக ரிங்கோ முதன்முதலில் மேடையேறியது அன்றுதான். அதுவரை டிரம்மராக இருந்த பீட் பெஸ்ட்டை நீக்கிவிட்டு, ரோரி ஸ்டார்ம் குழுவில் வாசித்துக்கொண்டிருந்த ரிங்கோவை அழைத்து வந்திருந்தார்கள். மறுநாள் லிவர்பூலின் கேவர்ன் இசை மன்றத்தில் ரசிகர்கள் பீட்டுக்கு ஆதரவாகவும் ரிங்கோவுக்கு எதிராகவும் கூச்சலிட்டார்கள்.

அன்று அவர் வாசித்தது லட்விக் அல்ல, பிரீமியர் என்ற பிரிட்டிஷ் செட். மகோகனி நிறம். அதற்கு முன் ஏஜாக்ஸ் என்ற செட்டுக்காகத் தாத்தாவிடம் 46 பவுண்டு கடன் வாங்கியிருந்தார். பட்லின்ஸ் விடுமுறை முகாம்கள், ஹாம்பர்க் இரவு விடுதிகள் என்று ரோரி ஸ்டார்மோடு சுற்றிய காலத்தில் பிரீமியர் அவரோடு இருந்தது. பீட்டில்ஸின் முதல் நீண்ட இசைத்தட்டில் கேட்பதும் இந்தப் பிரீமியர்தான். 1963 தொடக்கத்தில் அதன் பேஸ் டிரம்மின் முன்தோலில் பீட்டில்ஸ் என்று எழுதி, பி எழுத்தின் மேல் வண்டின் கொம்புகள் போல இரண்டு கோடுகளை இழுத்திருந்தார்கள். டெக்ஸ் ஓஹாரா என்ற உள்ளூர் ஓவியரின் கை.

மாலையில் லிவர்பூலின் மேத்யூ தெரு. பழைய கேவர்ன் 1973-இல் மூடப்பட்டு நிலவறை நிரப்பப்பட்டது. இப்போதுள்ளது 1984-இல் பழைய செங்கற்களையும் பயன்படுத்தி மீண்டும் கட்டியது. கூட்டம் அதிகம். ஒரு பாட்டு கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வியாழன், பர்மிங்காம்

இங்கே பார்க்க அதிகம் இல்லை. ஆனாலும் வராமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் லட்விக் செட் ரிங்கோவின் கைக்கு வந்தது இந்த ஊரில்.

ஆஸ்டன் பகுதியில் நாடக அரங்காக இருந்து, திரையரங்காகி, 1950-களில் தொலைக்காட்சி நிலையமாக மாறிய ஆல்ஃபா ஸ்டுடியோ. 1963 மே 12, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் கடையின் மேலாளர் புதிய செட்டை வண்டியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து கொடுத்தார், பிரீமியரைத் திருப்பி எடுத்துப் போனார். மாற்று வியாபாரம். ஹாம்பர்க்கையும் பட்லின்ஸையும் பார்த்த செட் வந்த வண்டியிலேயே ஏறிப் போய்விட்டது. ரிங்கோ அதைத் திரும்பிப் பார்த்தாரா என்று எந்த வரலாறும் எழுதிவைக்கவில்லை. வேலைக்குரிய கருவியை வேலை செய்பவன் அப்படித்தான் மாற்றுவான்.

அன்று பதிவான நிகழ்ச்சியில் பாடகர்கள் இசைத்தட்டுக்கு வாயசைப்பதே வழக்கம். ஆகவே அந்த லட்விக் முதன்முதலாகக் கேமராவுக்கு முன் நின்றபோது அதன் ஒலியை நேயர்கள் கேட்கவில்லை. பிரீமியரில் வாசித்துப் பதிவான பாட்டுக்கு லட்விக் முகம் காட்டியது. புகழ்பெற்ற ஒரு செட்டின் பிறப்பு இப்படி நிகழ்ந்திருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. இந்தக் கதையில் கண்ணுக்குத் தெரிந்த செட்டும் காதில் விழுந்த செட்டும் வேறு வேறாக இருப்பது இது ஒரு முறை மட்டும் அல்ல. அடுத்த தடவையை லண்டனில் எழுதுகிறேன்.

வெள்ளி, லண்டன்

ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூ, 114-ஆம் எண். 1963-இல் இங்கே இருந்தது டிரம் சிட்டி. டிரம்ஸுக்கு மட்டுமான கடை, நடத்தியவர் ஐவர் ஆர்பிட்டர். இப்போது டிரம்ஸும் இல்லை, கடையும் இல்லை. பக்கத்தில் நாடக அரங்குகளின் விளக்குகள், இன்னொரு பக்கம் சீனக் குடியிருப்பின் உணவு மணம். எதிர்ப்புற நடைபாதையில் ஒரு காபியோடு நின்று அந்தக் கதையை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

அந்தக் கதைக்கு ஒரு முன்கதை உண்டு. 1951 முதல் 1959 வரை அமெரிக்க இசைக் கருவிகளை இறக்குமதி செய்ய பிரிட்டன் தடை விதித்திருந்தது. போருக்குப் பிந்தைய டாலர் பஞ்சம் காரணம். ஆகவே ரிங்கோ தலைமுறைப் பையன்களுக்கு அமெரிக்க கிட்டாரும் அமெரிக்க டிரம்ஸும் இசைத்தட்டு அட்டையில் பார்த்து ஏங்கும் பொருள்கள். தடை நீங்கி அவை கடைக்கு வந்தபோது, அந்த ஏக்கமும் சேர்ந்தே விற்பனையானது. ஆர்பிட்டர் லட்விக்கை பிரிட்டனில் விற்கும் உரிமையை அப்போதுதான் பெற்றிருந்தார்.

1963 ஏப்ரல் கடைசியில் பீட்டில்ஸின் மேலாளர் பிரையன் எப்ஸ்டீனும் ரிங்கோவும் கடைக்கு வந்தார்கள். ஆர்பிட்டருக்கு அவர்களைப் பற்றி அதிகம் தெரியாது. மேசையில் கிடந்த வண்ண மாதிரித் துண்டுகளில் ஒன்று ரிங்கோவின் கண்ணில் பட்டது. ஆய்ஸ்டர் பிளாக் பேர்ல் என்ற வகை: கறுப்பும் சாம்பலும் வெள்ளையுமாக, சிப்பியின் உட்புறம் போல அலையலையாக மின்னும் செல்லுலாய்டு உறை. அந்த நிறம்தான் வேண்டும் என்றார். அந்த நிறம் லட்விக்கில் இருந்தது. முடிந்தது. ஒலியைக் கேட்டுத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் நடந்தது இது. ஒரு நிறத்தின் மேல் வந்த காதல்.

பேரத்தில் இரண்டு பெயர்கள் மோதின. லட்விக் பெயர் முன்தோலில் இருக்க வேண்டும் என்பது ஆர்பிட்டரின் நிபந்தனை. அப்படியானால் பீட்டில்ஸ் பெயரும் இருக்க வேண்டும் என்றார் எப்ஸ்டீன். ஆர்பிட்டர் அங்கேயே ஒரு காகிதத்தை எடுத்து வரைந்தார்: பி பெரிதாக, நடுவில் வரும் டி எழுத்தின் கால் மற்ற எழுத்துகளுக்குக் கீழே இறங்கி. பெயர்ப்பலகை எழுதும் எடி ஸ்டோக்ஸ் அதைத் தோலில் தீட்டினார். பக்கத்தில் வேலை பார்த்த அவர், மதிய உணவு இடைவேளைகளில் வந்து இந்தக் கடைக்கு டிரம் தோல்களில் எழுதித் தருவார். அந்த எழுத்து வேலைக்காகக் கடை வாங்கிய தொகை ஐந்து பவுண்டு.

உலகில் அதிகம் அறியப்பட்ட இசைக்குழு முத்திரைகளில் ஒன்று ஒரு கடைக்காரரின் கிறுக்கலிலும், ஓர் எழுத்துக் கலைஞரின் சாப்பாட்டு நேரத்திலும் உருவானது. எடி ஸ்டோக்ஸின் பெயர் இந்தச் சாலையில் எங்காவது பொறிக்கப்பட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். திரும்பும்போது அந்த எண்ணத்தோடுதான் நடந்தேன்.

சனி, லண்டன்

இன்று முழுவதும் ஒரே கடையில் கழிந்தது. வடக்கு லண்டனில் பழைய டிரம்ஸ் செட்களைப் பழுதுபார்த்து விற்கும் ஒருவரின் பட்டறை. முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தேன். ரிங்கோவின் முதல் லட்விக் செட் டவுன்பீட் என்ற மாதிரி. அவரிடம் 1964-ஆம் ஆண்டின் டவுன்பீட் ஒன்று இருந்தது, அதே ஆய்ஸ்டர் பிளாக் பேர்ல் உறையோடு. "வாசித்துப் பாருங்கள், இவை அலமாரியில் வைக்கச் செய்தவை அல்ல" என்றார்.

முதலில் கண்ணைப் பிடித்தது அதன் சிறுமை. பேஸ் டிரம் 20 அங்குல விட்டம், 14 அங்குல ஆழம். டாம் என்ற சிறிய டிரம்களில் மேலே நிற்பது 12 அங்குலம், தரையில் நிற்கும் ஃப்ளோர் டாம் 14 அங்குலம். ஜாஸ் டிரம்மர்கள் வாடகைக் காரில் ஏற்றி இறக்க வசதியாக லட்விக் வடிவமைத்த மாதிரி இது. ரிங்கோ பெரிய உருவம் கொண்டவர் அல்லர். இந்தச் சிறிய செட்டின் பின்னால், உயரமான மேடையில் அமர்ந்தால், கடைசி வரிசை ரசிகருக்கும் அவர் முழுதாகத் தெரிந்தார். பழைய படங்களை நினைத்துப் பார்த்தால் அது புரிகிறது.

கடைக்காரர் டாமைக் கழற்றி உள்ளே விளக்கடித்துக் காட்டினார். மூன்று மெல்லிய மரப் படலங்களை ஒட்டி வளைத்த உருளை. மெல்லியது என்பதால் வாய்ப்பகுதியில் வலுவுக்கு மேப்பிள் மர வளையம். சிவப்பு மையில் தேதி முத்திரை. வெளியே சாவிக்கல் வடிவப் பித்தளைச் சின்னம், அதில் வரிசை எண். ரிங்கோவின் முதல் செட்டில் இந்த எண் கிடையாது என்றார். 1963-இன் பிற்பகுதியில்தான் லட்விக் எண் பொறிக்கத் தொடங்கியதாம். அந்தச் செட்டை அடையாளம் காண்பவர்கள் உறையின் அலைக்கோடுகளைப் பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டே உறுதி செய்கிறார்கள். எந்த இரண்டு உருளையிலும் அலைகள் ஒன்றுபோல விழுவதில்லை.

பிறகு உட்கார்ந்து வாசித்தேன். பேஸ் டிரம்மில் பெரிய முழக்கம் இல்லை. சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும் உருண்டையான ஒலி. மின்னொலிபெருக்கியின் துணை அதிகம் இல்லாத அந்த நாளில், அலறும் ஆயிரக்கணக்கான ரசிகர்களுக்கு நடுவே இதை வைத்து மூன்று பேருக்குத் தாளம் கொடுத்திருக்கிறார். காலால் திறந்து மூடும் இரட்டைத் தட்டான ஹை-ஹேட்டைப் பாதி திறந்து, கையை இடமும் வலமும் வீசி அவர் எழுப்பும் இரைச்சல் எப்படி வந்தது என்பது இந்தச் செட்டில் உட்கார்ந்தால் தெரிகிறது. வேறு வழியில்லை, அந்த அலறலை மீற வேண்டும்.

இன்னொன்றையும் முயன்று பார்த்தேன். ரிங்கோ பிறவியில் இடக்கைக்காரர். இடக்கைப் பழக்கம் கெட்ட சகுனம் என்று நம்பிய பாட்டி அவரை வலக்கையால் எழுதப் பழக்கினார். டிரம்ஸ் செட்டும் வலக்கைக்காரர் அமைப்பிலேயே அவருக்குக் கிடைத்தது. ஆனால் உருட்டல் வாசிக்கும்போது அவருடைய இடக்கைதான் முதலில் கிளம்பும். முழங்கால்களுக்கு இடையே இருக்கும் ஸ்னேர் டிரம்மிலிருந்து டாம், டாமிலிருந்து ஃப்ளோர் டாம் என்று வலப்பக்கம் நகர, இடக்கையை முதலில் வைத்தால் கைகள் ஒன்றையொன்று தடுக்கின்றன. அந்தத் தடையைச் சமாளிக்க ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளி விட வேண்டியிருக்கிறது. ரிங்கோவின் உருட்டல்கள் நிதானமாக, சற்றே பின்தங்கி, பேச்சைப் போல விழுவதன் ரகசியம் இங்கே இருக்கிறது. அவரைத் திறமை குறைந்தவர் என்று எழுதுபவர்கள் ஒரே ஒரு முறை இடக்கையில் தொடங்கி வாசித்துப் பார்க்க வேண்டும். நான் இன்று காலை முழுவதும் முயன்றும் அந்த இடைவெளி என் கையில் வரவில்லை.

1963 ஜூலை 1 அன்று பதிவான ‘ஷீ லவ்ஸ் யூ’ ஃப்ளோர் டாமின் உருட்டலோடு தொடங்குகிறதே, அது இந்த 14 அங்குல டாமின் குரல். அக்டோபரில் பதிவான ‘ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்’ பாட்டிலும் முதல் லட்விக் செட்தான்.

பாகங்கள் பிரிந்த கதைக்கு வருகிறேன். 1964 பிப்ரவரி 9 அன்று நியூயார்க்கில் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சி. சுமார் 7.3 கோடி அமெரிக்கர்கள் பார்த்தார்கள் என்று கணக்கு. அந்த ஒரு மாலையில்தான் ரிங்கோவின் லட்விக் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அன்று அந்த மேடையில் நின்றது, பாடல்கள் பதிவான முதல் செட் அல்ல. முழுச் செட்டை விமானத்தில் ஏற்றாமல், ஸ்னேரையும் சிம்பல் தட்டுகளையும் முத்திரை எழுதிய முன்தோலையும் மட்டும் கொண்டுபோனார்கள். நியூயார்க்கின் மேனிஸ் கடையிலிருந்து அதே மாதிரியில், அதே நிறத்தில் புதிய டவுன்பீட் வந்தது. லண்டனில் எழுதிய தோலை அதில் மாட்டினார்கள். பர்மிங்காமில் நடந்தது மறுபடியும் நடந்தது: மக்கள் கேட்டுப் பழகிய டிரம்ஸ் ஒன்று, பார்த்துச் சொக்கிய டிரம்ஸ் வேறு.

அந்த மாலைக்குப் பிறகு சிகாகோவில் லட்விக் ஆலை இரவும் பகலும் ஓடியது. தோலின் உச்சியில் எழுதிய லட்விக் என்ற பெயருக்கு நிறுவனம் ஒரு காசும் விளம்பரக் கட்டணம் கொடுக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பீட்டில்ஸ் சிகாகோ வந்தபோது, வில்லியம் லட்விக் நேரில் வந்து தங்க முலாம் பூசிய ஸ்னேர் ஒன்றை ரிங்கோவுக்குப் பரிசளித்தார். 2010-இல் ரிங்கோவின் எழுபதாம் பிறந்தநாளை ஒட்டி நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அதைக் காட்சிக்கு வைத்தது.

1964 ஜூனில் ரிங்கோ தொண்டை அழற்சியால் மருத்துவமனையில் படுத்தார். டிரம்ஸ் மட்டும் டென்மார்க், நெதர்லாந்து, ஹாங்காங், ஆஸ்திரேலியா என்று பயணம் போனது. ஜிம்மி நிகோல் என்ற டிரம்மர் ரிங்கோவின் இருக்கையில் அமர்ந்து, ரிங்கோவின் கோட்டையே அணிந்து வாசித்தார். பிறகு ரிங்கோ தேறிவந்து சேர்ந்துகொண்டார். அதற்குள் செட்டும் மாறியிருந்தது. மே கடைசியிலிருந்து 22 அங்குல பேஸ் டிரம் கொண்ட சூப்பர் கிளாசிக். நிறம் மட்டும் மாறவில்லை.

2015 நவம்பரில் சல்லிவன் நிகழ்ச்சியின் முன்தோல் தனியாக ஏலத்துக்கு வந்தது. அதுவும் இருபது லட்சம் டாலரைத் தாண்டியது. அடுத்த மாதம் முதல் செட் வந்தது. இரண்டுமே இண்டியானாபொலிஸின் அமெரிக்கக் கால்பந்து அணியின் உரிமையாளர் ஜிம் இர்சேயின் தொகுப்பில் போய்ச் சேர்ந்தன. அவர் 2025 மே மாதம் காலமானார். எடி ஸ்டோக்ஸ் சாப்பாட்டு நேரத்தில் எழுதிய தோலுக்கும், நூற்றுக்கணக்கான இரவுகள் அடிவாங்கிய மர உருளைகளுக்கும் ஏறத்தாழ ஒரே விலை. இதைக் கடைக்காரரிடம் சொன்னபோது அவர் தோளைக் குலுக்கினார். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. இந்தச் செட்டின் பாதி வாழ்க்கை பார்வையில் நடந்தது.

ஞாயிறு, லண்டன்

காலையில், பீட்டில்ஸ் பாடல்கள் பதிவான அபே ரோடு. ஸ்டுடியோவுக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. வெளியே வெள்ளைச் சுவரில் உலகின் எல்லா மொழிகளிலும் எழுதியிருக்கிறார்கள். பீட்டில்ஸ் இசைத்தட்டு ஒன்றின் அட்டையில் நால்வரும் நடந்த, 2010-இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்ட பாதசாரிக் கடப்பில் நான்கு நான்கு பேராக நடந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பொறுமையோடு காத்திருந்த கார் ஓட்டுநர்களைத்தான் பாராட்ட வேண்டும்.

இந்தச் சுவருக்குள்தான் லட்விக்கின் குரல் மாறியது. 1966 வரை டிரம்ஸிலிருந்து இரண்டடிக்கு மேல் தள்ளியே மைக் வைக்க வேண்டும் என்பது ஸ்டுடியோ விதி. அருகே வைத்தால் மைக் கெட்டுவிடும் என்ற அச்சம். இளம் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக் விதியை மீறி மைக்கைப் பேஸ் டிரம்முக்கு மிக அருகே நகர்த்தினார். அதிர்வை அடக்க உள்ளே ஒரு கம்பளிச் சட்டையைத் திணித்தார். நான்கு கழுத்துகள் வைத்துப் பின்னிய, பீட்டில்ஸ் படம் ஒன்றின் விளம்பரத்துக்காக வந்த சட்டை. 1966 ஏப்ரலில் ‘டுமாரோ நெவர் நோஸ்’ பதிவில் கேட்கும் அந்த நெஞ்சில் இடிக்கும் அடி அப்படிப் பிறந்தது. அதே மாதம் பதிவான ‘ரெய்ன்’ பாட்டில் ரிங்கோ ஸ்னேரையும் ஹை-ஹேட்டையும் வைத்துக்கொண்டு செய்திருப்பதைத் தன் வாழ்நாளின் சிறந்த வாசிப்பாக அவரே கருதுகிறார். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

1968-இல் ஐந்தாவது செட் வந்தது. இந்த முறை சிப்பி நிறம் இல்லை, மேப்பிள் மரத்தின் இயற்கை நிறம். ஹாலிவுட் என்ற மாதிரி, மேலே இரண்டு டாம்கள். பிளாஸ்டிக் தோலை எடுத்துவிட்டுக் கன்றுத் தோலைப் போட்டார். ஈரக் காற்றில் தளர்ந்து வெயிலில் விறைக்கும் தோலோடு போராடுவது எப்படி என்று மிருதங்கம் வாசிப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மேடையில் அது தொல்லை, தட்பவெப்பம் மாறாத ஸ்டுடியோவில் அது வரம். அதன் மேல் தேநீர்க் கோப்பை துடைக்கும் துண்டுகளையும் போர்த்தினார். ‘கம் டுகெதர்’ பாட்டில் டாம்கள் தரைக்கு அடியிலிருந்து வருவதுபோல ஒலிப்பதற்குத் தோலும் துண்டும் சேர்ந்தே காரணம். தனி ஆவர்த்தனம் என்றால் ஓடிவிடும் ரிங்கோ, பீட்டில்ஸ் காலம் முழுவதிலும் ஒரே ஒரு தடவை ‘தி எண்ட்’ பாட்டில் தனியாக வாசித்தார். அதுவும் இந்தச் செட்டில்தான். டிரம்ஸை இரண்டு தடங்களில் பிரித்துப் பதிந்ததால் ஹெட்போனில் கேட்டால் டாம்கள் ஒரு காதிலிருந்து மறு காதுக்கு நடக்கின்றன.

மதியம், சாவில் ரோவில் 3-ஆம் எண் கட்டடம். தையற்கடைகள் நிறைந்த தெரு, ஞாயிறு என்பதால் ஆள் நடமாட்டம் குறைவு. 1969 ஜனவரி 30 அன்று இந்தக் கட்டடத்தின் மொட்டை மாடியில் பீட்டில்ஸ் கடைசியாக மக்கள் கேட்க வாசித்தார்கள். 42 நிமிடங்கள். குளிர்காற்று. ரிங்கோ தன் மனைவியின் சிவப்பு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த மாடிப் படங்களை இன்று தெருவில் நின்றபடி கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். பேஸ் டிரம்மும் டாம்களும் மேப்பிள் நிறம். நடுவில், ரிங்கோவின் முழங்கால்களுக்கு இடையே இருக்கும் ஸ்னேர் மட்டும் கறுப்பு வெள்ளை அலை. 1963 மே மாதம் பர்மிங்காமுக்கு வந்த முதல் செட்டோடு வந்த ஜாஸ் ஃபெஸ்டிவல் ஸ்னேர் அது. 14 அங்குல விட்டம், ஐந்தரை அங்குல ஆழம். உருளைகள் மாறின, அளவு மாறியது, கடைசியில் நிறமும் மாறியது. இந்த ஒன்றை மட்டும் அவர் ஐந்து செட்களிலும் வைத்துக்கொண்டார். சல்லிவன் நிகழ்ச்சிக்கு விமானத்தில் கூடவே போனதும் இதுதான். மக்கள் பார்த்ததும் கேட்டதும் ஒன்றாக இருந்த ஒரே டிரம்.

2015 ஏலப் பட்டியலில் மூன்று பாகங்கள் மட்டும் இருந்ததற்குக் காரணமும் இந்த ஸ்னேர்தான். ரிங்கோ அதை விற்கவில்லை.